ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு, தோலில் சொரியாசிஸ்: எது எதனால்?

கார்முகில்:

வணக்கம். எனக்கு முழங்கை, முழங்கால், தலை மூன்றிலும் பல வருஷமாகச் சொரியாசிஸ் இருக்கிறது. சமீபத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம் என்று வந்தது. தோல் டாக்டர் இரண்டு எழுதிக் கொடுத்தார். வாரம் ஒன்று விழுங்க வைட்டமின் டி மாத்திரை, திட்டுகள் மேல் தடவ கால்சிபோட்ரியால் ஆயின்மென்ட். இதுவும் வைட்டமின் டி வகைதான் என்றார். வெளியே நிறையப் பேர் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு? டி குறைந்ததால்தான் இந்த நோயே வந்ததா? நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார், அளவை 80க்கு மேல் ஏற்றிவிட்டால் ஆயின்மென்டே வேண்டாம், தோல் தானாகத் தெளிந்துவிடும் என்று. நம்பலாமா? விரிவாகவே சொல்லுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

செல்லியல்:

கார்முகில், நான் மருத்துவர் இல்லை. தோல் செல்களை வளர்த்து ஆராய்வது என் வேலை. சிகிச்சை பற்றி டாக்டர்கள் சொல்லட்டும், "இரண்டும் ஒன்றா" என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். அதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

பள்ளியில் படித்தது நினைவிருக்கும். வெயில் பட்டால் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். கல்லீரல் அதை ஒரு படி மாற்றும், அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 25-ஹைட்ராக்சி. சிறுநீரகம் இன்னொரு படி மாற்றி, கால்சிட்ரியால் என்ற முழு வீரியமுள்ள வடிவமாக்கும். குடலில் கால்சியம் உறிஞ்சவும் எலும்புக்கும் அது போகும். இந்தக் கதையில் தோல் மூலப்பொருள் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது.

ஆனால் மேல்தோலில் இருக்கும் கெரட்டினோசைட் செல்களுக்குள் கல்லீரல் வேலையைச் செய்யும் நொதியும் இருக்கிறது, சிறுநீரக வேலையைச் செய்யும் நொதியும் இருக்கிறது. முடிவில் வரும் கால்சிட்ரியாலைப் பிடித்து மரபணுக்களை இயக்கும் ஏற்பியும் அதே செல்லில் இருக்கிறது. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இடத்தில் நடத்தும் வசதி கெரட்டினோசைட்டுக்கு உண்டு. ஊருக்கெல்லாம் குழாயில் தண்ணீர் போகிறது என்றால், தோலுக்கு வீட்டுக்குள்ளேயே தனிக் கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை அளப்பது குழாய்த் தண்ணீரை மட்டும்தான்.

அந்தக் கால்சிட்ரியாலை வைத்துத் தோல் என்ன செய்கிறது? முதல் வேலை, செல்களை முதிரவைப்பது. அடிவரிசையில் பிறக்கும் செல் பிரிவதை நிறுத்தி, மேலே நகர்ந்து, தட்டையாகி, கடைசியில் நீர் புகாத மேலோடாக மாற வேண்டும். இதற்குத் தேவையான இன்வாலுக்ரின், லோரிக்ரின், ஃபிலாக்ரின் போன்ற புரதங்கள் உருவாவதைக் கால்சிட்ரியாலும் கால்சியமும் சேர்ந்து தூண்டுகின்றன. சொரியாசிஸில் கெட்டுப்போவது இதே வேலைதான். சாதாரணமாக ஒரு மாதம் அளவில் நடக்க வேண்டிய பயணம் சில நாட்களில் அவசரமாக முடிந்து, முதிராத செல்கள் வெள்ளிச் செதில்களாக மேலே குவிகின்றன.

இரண்டாவது வேலை காவல். தோல் கிழிந்ததும் காயத்தைச் சுற்றியுள்ள கெரட்டினோசைட்டுகள் கால்சிட்ரியால் செய்யும் நொதியைக் கூட்டிக்கொள்கின்றன. அந்தக் கால்சிட்ரியால் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தின் மரபணுவை நேரடியாக முடுக்குகிறது. அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் வைட்டமின் டி ஏற்பி வந்து உட்காரவே ஓர் இடம் இருக்கிறது. கேத்தலிசிடினை வெட்டினால் கிடைக்கும் துண்டுதான் எல்எல்-37. பாக்டீரியாவின் சவ்வைக் குத்திக் கிழிக்கும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் இதே வழியில் காசநோய்க் கிருமியைக் கொல்வதை 2006ல் காட்டினார்கள். தோல் காயத்தில் இது நடப்பதை 2007ல் காட்டினார்கள்.

இங்கே ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். தோலில் வரும் காசநோயை ஒளிக்கதிர் பாய்ச்சிக் குணமாக்கியதற்காக நீல்ஸ் ஃபின்சென் 1903ல் நோபல் பரிசு பெற்றார். 2006 ஆய்வு வந்ததும் "அன்றே வைட்டமின் டிதான் வேலை செய்திருக்கிறது" என்று பலரும் எழுதினார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அவருடைய கருவியைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், வைட்டமின் டி உருவாகத் தேவையான குறுகிய அலைநீளக் கதிர்களை அதன் வடிகட்டியே தடுத்துவிட்டது என்று கண்டார்கள். கிருமிக்குள் இருந்த போர்ஃபைரின்கள் ஒளியை உறிஞ்சி அதைக் கொன்றிருக்கலாம் என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். வைட்டமின் டி விஷயத்தில் அழகாகப் பொருந்தும் கதைகளை ஒருமுறைக்கு இருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நிலாமதி:

செல்லியல் சார், படிச்சு முடிச்சதும் ஒரு சந்தேகம். என் பையனுக்கு எக்ஸிமா. சொறிஞ்சு சொறிஞ்சு நீர் வடியும், அடிக்கடி கிருமி தொத்திச் சீழ் வெச்சிடும். வைட்டமின் டி கிருமியைக் கொல்ற பொருளைத் தூண்டும்னா, இவனுக்குக் கொடுத்தா நல்லதுதானே? இல்ல, சொரியாசிஸ்லயும் அந்த எல்எல்-37 கம்மியா இருக்கா?

செல்லியல்:

//சொரியாசிஸ்லயும் அந்த எல்எல்-37 கம்மியா இருக்கா?//

இல்லைங்க, நேர் எதிர். மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

சொரியாசிஸ் திட்டுகளில் எல்எல்-37 கொட்டிக் கிடக்கிறது. எக்ஸிமா தோலில், அதாவது அடோபிக் டெர்மடைடிஸில், அழற்சி இருந்தும் அது சொரியாசிஸ் அளவுக்கு உயர்வதில்லை. 2002ல் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். எக்ஸிமாக்காரர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எளிதாகக் குடியேற இது ஒரு காரணம். அங்கே ஓங்கியிருக்கும் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைகள் இந்தக் கிருமிக்கொல்லிகளை அமுக்கிவைக்கின்றன.

சொரியாசிஸில் பிரச்சினை வேறு. எல்எல்-37 அளவுக்கு மீறி இருக்கும்போது, செத்த செல்களிலிருந்து வெளிவரும் நம் சொந்த டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் அந்தக் கலவையை வைரஸ் என்று எண்ணி இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சமிக்ஞையைக் கொட்டுகின்றன. அழற்சி அங்கே பற்றிக்கொள்கிறது. 2007ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. முகம் சிவந்துபோகும் ரோசேசியா என்ற தோல் நோயிலும் எல்எல்-37 அதிகம். அதை வெட்டும் கல்லிக்ரைன்-5 நொதியும் அதிகமாகி, இயல்புக்கு மாறான துண்டுகள் உருவாகின்றன. அதனால்தான் முகச் சிவப்பு.

ஆகவே, "வைட்டமின் டி நோய் எதிர்ப்பைக் கூட்டும், ஆகவே தோலுக்கு நல்லது" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஒரு நோயில் போதாமல் இருக்கும் பொருள் இன்னொரு நோயில் மிஞ்சிக் கிடக்கிறது. கூட்டினால் நல்லதா கெட்டதா என்பது எந்தத் தோல், எந்த நோய் என்பதைப் பொறுத்தது.

கார்முகில்:

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. எல்எல்-37 ஏற்கெனவே அதிகம் என்றால், அதைத் தூண்டும் வைட்டமின் டி ஆயின்மென்டைத் திட்டின் மேலேயே தடவச் சொல்கிறார்களே?

அல்லி:

நான் தோல் மருத்துவர். கார்முகில், பயப்படாமல் தடவுங்கள். கால்சிபோட்ரியால் சொரியாசிஸுக்கு வேலை செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. ஏராளமான ஒப்பீட்டுப் பரிசோதனைகளைத் தாண்டி வந்த மருந்து.

அது வந்த வழியைச் சொன்னால் உங்கள் பயம் குறையும். 1985ல் ஜப்பானின் ஒசாகாவில் எலும்புத் தேய்மானத்துக்காக ஒருவருக்கு வைட்டமின் டியின் வீரிய வகை ஒன்றை வாய்வழியாகக் கொடுத்தார்கள். அவருக்கு இருந்த சொரியாசிஸ் எதிர்பாராமல் தெளிந்தது. ஆனால் கால்சிட்ரியால் போன்ற வீரிய வகைகளை விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். அதனால் தோலின் மேல் தடவுவதற்கென்றே ஒரு மூலக்கூறைத் தேடினார்கள். அப்படிக் கிடைத்ததுதான் கால்சிபோட்ரியால். ஏற்பியைக் கால்சிட்ரியால் அளவுக்கே இறுகப் பிடிக்கும். ரத்தத்துக்குள் போனதும் உடல் அதை வேகமாகச் சிதைத்துவிடுவதால், கால்சியத்தின் மேல் அதன் தாக்கம் கால்சிட்ரியாலுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

எல்எல்-37 விஷயம்: இந்த மருந்து தூண்டுவது அதை மட்டும் அல்ல. செல்கள் வெறித்தனமாகப் பெருகுவதை அடக்குகிறது, முதிரவைக்கிறது, டென்ட்ரிடிக் செல்களைச் சாந்தப்படுத்துகிறது, சொரியாசிஸின் முதுகெலும்பான ஐஎல்-23, ஐஎல்-17 பாதையைத் தணிக்கிறது. எல்எல்-37க்கும் இரண்டு முகம் உண்டு. செல்லுக்கு வெளியே டிஎன்ஏவோடு ஒட்டி அழற்சியை மூட்டுகிற அதே பொருள், கெரட்டினோசைட்டுக்கு உள்ளே இருந்தால் அங்கே தவறி வந்த டிஎன்ஏவைப் பிடித்து அழற்சி மணி அடிக்காமல் தடுக்கிறது. இது 2011ல் வெளியானது. மொத்தத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நோயாளியின் தோலே காட்டிவிட்டது. திட்டு மெலிகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மாத்திரையில் இருப்பது டியின் ஆரம்ப வடிவம். உடல் அதைத் தேவைக்கு ஏற்ப, கட்டுப்பாட்டோடுதான் மாற்றும். ஆயின்மென்டில் இருப்பது நேராக ஏற்பியில் போய் உட்காரும் வடிவம், அதுவும் மாத்திரையால் தோலுக்குள் கொண்டுவர முடியாத செறிவில். உங்களுக்கு இரண்டு எழுதிய காரணம் இதுதான். மாத்திரை உங்கள் 14க்கு, எலும்பையும் தசையையும் நினைத்து. ஆயின்மென்ட் தோலுக்கு.

மருந்துச்சீட்டு:

மருந்தாளுநராக இருப்பவன் என்ற முறையில் ஆயின்மென்ட் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். இதைச் சரியாகச் சொல்லாமல்தான் பாதிப் பேர் "எரிகிறது, வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 100 கிராமுக்கு மேல் போகக்கூடாது. போனால் கால்சியம் ஏற வாய்ப்பு உண்டு. செதில் கரைய சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு வைத்திருந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று தடவாதீர்கள். அமிலத்தில் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும். ஒளிச்சிகிச்சை எடுப்பவர்கள் அதற்கு முன்னால் தடவக்கூடாது, முடிந்த பிறகுதான். புற ஊதாக்கதிர் மருந்தைச் சிதைக்கும், மருந்துப் படலமும் கதிரைத் தடுக்கும். முகத்திலும் மடிப்புகளிலும் எரிச்சல் அதிகம், ஆகவே தடவியதும் கையைக் கழுவுங்கள். தெரியாமல் கண்ணைக் கசக்கிவிடுவோம். பலன் தெரியச் சில வாரம் ஆகும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். ஆரம்ப எரிச்சலைக் குறைக்கவும் வேகத்துக்காகவும் பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டோடு சேர்த்துத் தயாரித்த வகையை டாக்டர்கள் முதலில் எழுதுவதுண்டு.

வெய்யோன்:

எல்லோரும் ஆயின்மென்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கார்முகில், நானும் சொரியாசிஸ்காரன்தான். பல களிம்புகள் தடவி ஓய்ந்தவன். அதிக அளவு டி மாத்திரையை நானே ஆரம்பித்தேன். இன்று என் முதுகு சுத்தமாக இருக்கிறது. இது என் உடம்பில் நான் பார்த்தது. பிரேசிலில் 2013ல் தினமும் 35,000 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி கொடுத்து ஆய்வே நடத்தி, சொரியாசிஸ் குறைந்தது என்று காட்டியிருக்கிறார்கள். உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் களிம்பு தடவுவதை விட மூலகாரணத்தைச் சரி செய்வது மேல் இல்லையா? இவ்வளவு மலிவான, இயற்கையான பொருளை ஏன் யாரும் முன்னால் நின்று சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அல்லி:

வெய்யோன், உங்கள் முதுகு தெளிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. களிம்பு தடவித் தடவி அலுத்துப்போகிற வேதனையைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

அந்தப் பிரேசில் ஆய்வில் சொரியாசிஸ்காரர்கள் 9 பேர், வெண்புள்ளிக்காரர்கள் 16 பேர். ஒப்பிட இன்னொரு குழு இல்லை. எல்லோருக்கும் மருந்து கொடுத்து எல்லோரையும் பார்த்தார்கள். கால்சியம் குறைந்த உணவு, நிறையத் தண்ணீர் என்று கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள், ரத்தத்தையும் சிறுநீரையும் கண்காணித்தார்கள். சொரியாசிஸ் தானாக ஏறி இறங்கும் நோய். மோசமாக இருக்கும்போதுதான் எவரும் புதுச் சிகிச்சை தேடுவார்கள், அதன் பிறகு நோய் தானாகத் தணிந்தாலும் பெயர் மருந்துக்குப் போய்விடும். உங்களுக்கு அப்படித்தான் ஆனது என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை என்று காட்ட ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்கிறேன்.

ஒப்பீட்டுக் குழுவோடு செய்ததும் இருக்கிறது. நார்வேயில், குளிர்காலத்தில், டி குறைவாக இருந்த 122 சொரியாசிஸ் நோயாளிகள். பாதிப் பேருக்கு முதலில் 1 லட்சம் ஐ.யு., பிறகு வாரம் 20,000 ஐ.யு. வீதம் 4 மாதம். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2023ல் முடிவு வந்தது. திட்டுகளின் தீவிரத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோய் லேசாக இருந்தது, ஆகவே கடுமையான நோய்க்கு இது முடிந்த தீர்ப்பு அல்ல. ஆனால் "அளவை ஏற்றினால் தோல் தெளியும்" என்பது உண்மையானால், குறைவாக இருந்தவர்களிடம்தான் அது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

டிக்கு ஆதரவான ஒரு நல்ல முடிவையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வு. தினம் 2,000 ஐ.யு. எடுத்தவர்களிடம் ஐந்து ஆண்டுகளில் தன்தடுப்பு நோய்கள் (தடுப்பாற்றல் நம் உடலையே தாக்கும் நோய்கள்) புதிதாக வருவது 22 சதவீதம் குறைந்தது, 2022ல் வெளியானது. ஆனால் இது சொரியாசிஸ், முடக்குவாதம் போன்ற பல நோய்களைச் சேர்த்து எண்ணியது. கலந்துகொண்டவர்கள் 50 வயது தாண்டியவர்கள். அதுவும் வராமல் தடுப்பது பற்றியது, வந்ததை ஆற்றுவது பற்றியது அல்ல. அளவும் 2,000தான், 35,000 அல்ல.

செல்லியல்:

வெய்யோன் "மூலகாரணம்" என்றாரே, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கார்முகிலின் முதல் கேள்வியும் அதுதான்.

சொரியாசிஸ், எக்ஸிமா, லூபஸ் (இதுவும் ஒரு தன்தடுப்பு நோய்) எதுவானாலும் நோயாளிகளின் ரத்தத்தில் டி சராசரியாகக் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது? திட்டு வெளியே தெரியும் என்று கூசி முழுக்கை, முழுக்கால் மூடுகிறவர் வெயில் படாமலே இருக்கிறார். சொரியாசிஸோடு உடல் பருமன் அடிக்கடி சேர்ந்து வரும், பருமனானவர்களிடம் ரத்த அளவு குறைவாகவே காட்டும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. அழற்சியே 25-ஹைட்ராக்சி அளவை இறக்கிவிடும். மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்தபோது, உடலில் அழற்சி ஏறியதும் இந்த அளவு சில நாட்களிலேயே சரிந்தது. ஆக, 14 என்ற எண் நோயின் காரணமாகவும் இருக்கலாம், நோயின் நிழலாகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய ஒரு வழி, பிறவியிலேயே டி அளவு குறைவாக அமையும் மரபணு வகை உள்ளவர்களுக்கு நோய் அதிகமா என்று பார்ப்பது. வெயில், பருமன், கூச்சம் எதுவும் மரபணுவை மாற்றாது அல்லவா? எக்ஸிமாவுக்கு 2017ல் அப்படிப் பார்த்தார்கள். தொடர்பு தெரியவில்லை.

மருந்துச்சீட்டு:

வெய்யோன், நீங்கள் டாக்டர் மேற்பார்வையில்லாமல் எடுக்கிறீர்கள் என்று புரிகிறது. தயவு செய்து ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். இந்த வாரமே பாருங்கள்.

பெரியவர்களுக்குத் தினம் 600 முதல் 800 ஐ.யு. போதும். கண்காணிப்பு இல்லாமல் தினமும் எடுக்க உச்சவரம்பு 4,000 ஐ.யு. ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி அளவு 150ஐத் தாண்டினால் நச்சு. அதற்குக் கீழேயும் சிலருக்குத் தொல்லை வரும். கால்சியம் ஏறினால் ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம். சிறுநீரகத்தில் கல் விழும், சிறுநீரகமே பழுதாகும். இது கொழுப்பில் சேரும் பொருள், நிறுத்தினாலும் இறங்க மாதங்கள் ஆகும். தையசைடு வகை நீர்மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

தோல் நோய்க்காரர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சார்காய்டோசிஸ். உடலுக்குள் அழற்சி முடிச்சுகள் வளரும் நோய் அது, தோலிலும் தடிப்பாக வரும். அந்த முடிச்சுகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கால்சிட்ரியால் செய்யும். அவர்களிடம் 25-ஹைட்ராக்சி குறைவாகக் காட்டும், கால்சிட்ரியாலோ ஏற்கெனவே அதிகமாக இருக்கும். "குறைவு" என்று எண்ணி மாத்திரை கொடுத்தால் கால்சியம் எகிறிவிடும். தோலில் என்ன நோய் என்று உறுதியாகாமல் அதிக அளவு டி எடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெய்யோன்:

சார்காய்டோசிஸ் விஷயம் எனக்குப் புதிது. கால்சியம் பார்த்துவிடுகிறேன். ஆனால் நார்வே ஆய்வு வாரம் 20,000தான், அது போதாத அளவாக இருக்கலாம் என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. பெரிய அளவை ஒப்பீட்டுக் குழுவோடு, ஒழுங்கான கண்காணிப்பில் யாராவது செய்து பார்க்க வேண்டும்.

அல்லி:

செய்து பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதுவரை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

நிலாமதி:

என் பையன் விஷயம் நடுவுல விட்டுப்போச்சு. அல்லி மேடம், எக்ஸிமாக்கு மாத்திரை கொடுக்கலாமா? சொரியாசிஸுக்குத் தடவுற அந்த ஆயின்மென்டை இவனுக்கும் தடவலாமா?

செல்லியல்:

ஆயின்மென்ட் வேண்டவே வேண்டாம். டாக்டருக்கு முன்னால் நான் முந்திக்கொள்கிறேன், ஏனென்றால் இது எங்கள் ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் பார்க்கும் விஷயம். எலிக்கு எக்ஸிமா போன்ற நோயை வரவழைக்க வேண்டுமானால் நாங்கள் அதன் காதில் தடவுவது எதைத் தெரியுமா? இதே கால்சிபோட்ரியால். எலியின் கெரட்டினோசைட்டில் அது டிஎஸ்எல்பி என்ற சமிக்ஞையைக் கிளப்பும். அது ஐஎல்-4, ஐஎல்-13 பக்கம் தடுப்பாற்றலைத் திருப்பிவிடும். காது சிவந்து, தடித்து, எலி சொறிய ஆரம்பிக்கும். 2006ல் இது வெளிவந்த பிறகு உலகம் முழுக்க எக்ஸிமா ஆராய்ச்சிக்கு இதுவே வழக்கமான முறையாகிவிட்டது.

எலித்தோல் மனிதத்தோல் அல்ல. சொரியாசிஸ்காரர்கள் ஆண்டுக்கணக்கில் தடவியும் எக்ஸிமா வருவதில்லை. ஆனால் ஒரே மூலக்கூறு ஐஎல்-17 பக்கம் சாய்ந்த நோயைத் தணிக்கும்போதே எதிர்ப்பக்கத்தைத் தூக்கிவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது. எக்ஸிமா அந்த எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது.

அல்லி:

நிலாமதிம்மா, செல்லியல் சொன்னது சரி. கால்சிபோட்ரியால் எக்ஸிமாவுக்கான மருந்து அல்ல. உடைந்த தோலில் எரிச்சல்தான் மிஞ்சும்.

மாத்திரையைப் பற்றி எனக்கு அவ்வளவு எதிர்மறையான எண்ணம் இல்லை. மங்கோலியாவில், குளிர்காலத்தில் எக்ஸிமா மோசமாகும் 107 குழந்தைகளுக்குத் தினம் 1,000 ஐ.யு. அல்லது வெற்று மாத்திரை ஒரு மாதம் கொடுத்தார்கள். டி எடுத்தவர்களுக்கு அதிக முன்னேற்றம், 2014ல் வெளியானது. ஆனால் அந்தக் குழந்தைகள் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள். வெயில் குறைந்து, டியும் மிகக் குறைந்து, அந்தப் பருவத்தில் மட்டும் நோய் ஏறுகிறவர்கள். எல்லா எக்ஸிமாக் குழந்தைகளுக்கும் இதைப் பொருத்த முடியாது. பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1,000 ஐ.யு. கொடுத்ததில், பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஒரு வயதில் எக்ஸிமா குறைவாக இருந்தது. 2 வயதிலும் 4 வயதிலும் அந்த வித்தியாசம் தெளிவாக நிற்கவில்லை.

ஆகவே உங்கள் பையனுக்கு டி குறைவு என்று தெரிந்தால், குழந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். வளர்கிற எலும்புக்கு அது வேண்டும். தோலுக்கும் கொஞ்சம் உதவினால் சந்தோஷம். ஆனால் அவன் தோலைக் காப்பாற்றுவது, விடாமல் பூசும் ஈரப்பசைக் களிம்பும், அழற்சி ஏறும்போது தயங்காமல் போடும் ஸ்டீராய்டு களிம்பும்தான். டி தருகிறோம் என்று அதைக் குறைத்துவிடாதீர்கள். சீழ் அடிக்கடி வருகிறது என்றீர்கள், அதற்கு மருத்துவரை மறுபடி பாருங்கள்.

நிலாமதி:

ரொம்ப நன்றி மேடம். ஸ்டீராய்டுன்னாலே பயந்து பயந்து கொஞ்சமாத்தான் தடவிட்டு இருந்தேன். அடுத்த தடவை எவ்வளவு தடவணும்னு தெளிவா கேட்டுக்கிறேன்.

தாமரை:

இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தோல் லூபஸ். வெயில் பட்டால் கன்னமும் மார்பும் பொரிந்துவிடும். ஆகவே குடை, முழுக்கை, சன்ஸ்கிரீன், மூன்றும் கட்டாயம். பார்க்கிறவர்கள் எல்லோரும் "காலை வெயிலில் நில்லு, வைட்டமின் டி கிடைக்கும், சரியாகிவிடும்" என்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்கி விளக்கித் தளர்ந்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து வெயில் வாங்கினால் பாதுகாப்பாக டி கிடைக்குமா?

செல்லியல்:

தாமரை, கண்ணாடிக்கு உள்ளே உட்கார வேண்டாம். டி உருவாகத் தேவையான யுவிபி, அதாவது 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள புற ஊதாக்கதிர், சாதாரணக் கண்ணாடியில் நின்றுவிடும். அலைநீளம் அதிகமான யுவிஏ என்ற புற ஊதாக்கதிர் உள்ளே வந்துவிடும். லூபஸ் தோலை அதுவும் கிளப்பும். டியும் கிடைக்காது, பாதிப்பும் வரும்.

அல்லி:

உங்கள் நிலையில் மாத்திரைதான் சரியான வழி. வெயிலைத் தவிர்ப்பது உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி, ஆகவே டி குறையும் என்று எதிர்பார்த்தே மாத்திரை எழுதுவோம். லூபஸுக்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் எலும்பைக் காக்க இன்னும் அவசியம். "வெயிலில் நில்லு" என்பவர்களிடம் "எனக்கு வெயில்தான் நோயைக் கிளப்புகிறது, டியை மாத்திரையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். நீங்கள் யாருக்கும் விளக்கக் கடமைப்பட்டவர் இல்லை.

கார்முகில்:

வெயில் பேச்சு வந்ததால் கேட்கிறேன். சொரியாசிஸ் வெயிலில் குறைகிறதே, எனக்கே தெரிகிறது. ஒளிச்சிகிச்சையும் கொடுக்கிறார்கள். அது வைட்டமின் டி வழியாகத்தானே?

செல்லியல்:

முழுக்க அப்படி இல்லை. ஒளிச்சிகிச்சைக்குப் பயன்படுவது 311 நானோமீட்டரைச் சுற்றிய குறுகிய யுவிபி. அதனால் ரத்த டி அளவு ஏறுவது உண்மை. ஆனால் அதே கதிர் திட்டுக்குள் பதுங்கியிருக்கும் T செல்களை (வெள்ளையணு வகை, வைட்டமின் டிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை) நேரடியாகச் சாகவைக்கிறது, தோலில் இருக்கும் யூரோகானிக் அமிலத்தின் வடிவத்தை மாற்றித் தடுப்பாற்றலை அமைதிப்படுத்துகிறது. ரத்த அளவு ஏறியதால்தான் திட்டு குறைந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது. டி கூடுதலாக வேண்டும் என்று அதிக நேரம் வெயிலில் நிற்பதும் பயன் தராது. ஓர் அளவுக்கு மேல் தோல், வெயிலில் உருவாகும் டியின் முன்வடிவத்தை லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்று வேறு பொருட்களாக மாற்றிவிடும். அதனால்தான் வெயிலால் டி நச்சு வருவதில்லை. தோல் கருகுவதுதான் மிச்சம், கருகிய இடத்தில் புதுத் திட்டு கிளம்பும் ஆபத்தும் சொரியாசிஸ்காரர்களுக்கு உண்டு. கருநிறத் தோலில் மெலனின் யுவிபியை உறிஞ்சிக்கொள்வதால் அதே அளவு டி உருவாக அதிக நேரம் பிடிக்கும்.

மருந்துச்சீட்டு:

கார்முகில், மறுபரிசோதனைக்குப் போகும் முன் ஒன்று. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? எடுத்தால் பரிசோதனைக்கூடத்தில் சொல்லுங்கள். சில வகைப் பரிசோதனைகளில் பயோட்டின் குறுக்கிட்டு டி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

கார்முகில்:

எடுக்கிறேன்! தலையில் திட்டு இருக்கும் இடத்தில் முடி கொட்டியதால் நானாகவே வாங்கி ஆரம்பித்தேன். எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும்? டியை எப்போது மறுபடி பார்க்க வேண்டும்? எந்த எண்ணைக் குறி வைக்க வேண்டும்?

அல்லி:

சில நாட்கள் முன்பே நிறுத்துங்கள். உங்கள் மாத்திரையின் அளவைச் சொன்னால் பரிசோதனைக்கூடமே சரியான இடைவெளியைச் சொல்லும். மறுபடி பார்க்க 3 மாதம் கழியட்டும். 25-ஹைட்ராக்சியின் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம், அதற்கு முன்னால் பார்த்தால் அளவு நிலைத்திருக்காது. 20ஐத் தாண்டினால் எலும்புக்குப் போதும் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். 30 வேண்டும் என்று முன்பு வலியுறுத்திய அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024 வழிகாட்டலில் அந்த இலக்கைக் கைவிட்டுவிட்டது. தோலுக்காக 80ஐத் துரத்த வேண்டியதில்லை. தோல் எப்படி இருக்கிறது என்பதைத் தோலைப் பார்த்தே முடிவு செய்வோம்.

தலைக்கு ஆயின்மென்ட் தடவினால் முடியில் ஒட்டிக்கொண்டு தோலை எட்டாது. கால்சிபோட்ரியால் லோஷனாகவும் ஜெல்லாகவும் வருகிறது. அடுத்த முறை அதைக் கேட்டு வாங்குங்கள். முதலில் செதிலை எண்ணெய் தடவி ஊறவைத்து எடுத்துவிட்டு, முடியை வகிர்ந்து, தோலில் படும்படி போடுங்கள். திட்டு தணிந்தால் அங்கே கொட்டிய முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.